கேம்ல அவ்வளவு சூட்டிப்பு, வெளியில ஏன்டா இப்படி?

கேள்வி, 2 ஜூன் 2024

என் தம்பி காலேஜ் ரெண்டாவது வருஷம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மொபைல்ல பேட்டில் ராயல், கடைசி வரைக்கும் சாகாம நிக்கற டீம் ஜெயிக்கற துப்பாக்கி கேம். மூணு அரியர். கேமுக்கு அடிக்ட் ஆனவங்களுக்கு நிதானம் போயிடும், முடிவெடுக்கத் தெரியாதுன்னு எங்க பாத்தாலும் எழுதுறாங்க. ஆனா நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். எங்க எறங்கணும், எப்ப சுடக்கூடாது, எந்த வீட்டுக்குள்ள போகக்கூடாதுன்னு மூணு பேருக்கு அவன் சொல்றத கேட்டா மிலிட்டரிக்காரன் தோத்தான். அதே ஆளு மறுநாள் எக்ஸாம் ஃபீஸ் கட்ட குடுத்த காசுல கேம்ல இருக்கற துப்பாக்கிக்கு பெயின்ட் வாங்கிட்டு வந்து நிக்கிறான். இதுல எவன் நெசம்?

2 ஜூன் 2024, ராத்திரி 11.20

ரெண்டு பேரும் நெசம்ங்க. நான் அந்த ஆளா ரெண்டு வருஷம் இருந்திருக்கேன். 2020 லாக்டவுன்ல ஆரம்பிச்சு 2022 கடைசி வரைக்கும். திருப்பூர்ல எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல மெர்ச்சன்டைசர் வேல, ஆர்டர் குடுக்கறவனுக்கும் துணி பண்றவங்களுக்கும் நடுவுல பேசறது, ஆபீஸ் மூடிக் கெடந்தப்ப பசங்க கூப்பிட்டாங்கன்னு இறக்குனேன். கேம் பேரு வேண்டாம், எல்லாம் ஒண்ணுதான்.

எங்க ஸ்குவாட்ல, அதான் நாலு பேர் டீம்ல, என்ன பண்ணணும்னு சொல்றவன் நான்தான். என் பேரே பொறுமை. புல்லுக்குள்ள நாலு நிமிஷம் படுத்துக் கெடப்பேன், எதிராளி முன்னாடியே நடந்து போவான், "சுடாத, சுடாத, போகட்டும், பின்னாடி இன்னொரு டீம் வரும்"னு சொல்லுவேன், வரும். அப்படி ஒரு நிதானம். அதே நான் காலைல ஆறரைக்கு அம்மா "கரன்ட் பில்லு கடைசி நாளு"ன்னு சொன்னா "சரி"ன்னு சொல்லிட்டு மறந்துட்டு ஃபைனோட கட்டுவேன்.

தம்பி வேகமா சரியா முடிவெடுக்கறான்னு நீங்க சொல்றது கற்பனை இல்ல. 2010ல அமெரிக்காவுல ராச்செஸ்டர் யுனிவர்சிட்டில பாத்திருக்காங்க, கேம் ஆடாதவங்களுக்கு 50 மணி நேரம் சண்ட கேம் குடுத்து பழக்குனா, கண்ணுல படுறத வெச்சு முடிவெடுக்கற வேகம் கூடுது, தப்பு கூடல. ஆனா அது சும்மா ஆடுனவங்க, அடிக்ட் இல்ல. அடிக்ட்னு வந்துட்டா கத வேற. அங்க பிரேக் தேயுது. கேம் என்ன அவசரக்காரனாக்கிடுச்சுன்னு தான் நான் சொல்லுவேன். காசும் போச்சு, மொத்தமா ஒரு பத்து பதினோராயிரம் இருக்கும்.

3 ஜூன் 2024

"ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆடுனா அடிக்டா, அப்ப ஐபிஎல் பாக்கறவன்?"னு கேட்ட நண்பருக்கு: மணிக்கணக்கு கணக்கே இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019 மே மாசம் ஒத்துகிட்ட நோய்ப் பட்டியல், 2022 ஜனவரில நடைமுறைக்கு வந்தது, அதுல கேமிங் டிஸார்டருக்கு மூணு விஷயம் பாக்குறாங்க. நிறுத்த முடியாம போறது, மத்த எல்லாத்துக்கும் முன்னாடி கேம் வந்து நிக்கிறது, கெடுதல் நடந்தும் தொடர்றது. பொதுவா ஒரு 12 மாசம் இப்படி இருக்கணும், வாழ்க்க நல்லாவே அடிபட்டிருக்கணும். அமெரிக்க மனநல டாக்டருங்க பட்டியல்ல 2013ல ஒம்பது அறிகுறி போட்டு அதுல அஞ்சு இருந்தா யோசிக்கணும்னான், அதையும் "இன்னும் ஆராயணும்"ங்கற பகுதில தான் போட்டான். லீவுல ரெண்டு மாசம் ஆடித் தீத்துட்டு காலேஜ் தொறந்ததும் எந்திரிச்சு போறவன் இதுல வரமாட்டான். தம்பி மூணு அரியர் வெச்சுகிட்டு ஃபீஸ் காசையும் தொட்டிருக்கான், அதனால யோசிக்கணும். பேர் வெக்கிற வேல டாக்டருக்கு, நமக்கில்ல.

8 ஜூன் 2024

ஞாயித்துக்கெழம லீவு கெடைக்கும்னு பாத்தா இன்னிக்கே கெடைச்சுது, ஒரு வேல பண்ணேன். முடிவெடுக்கறத அளக்க ஒரு சீட்டு டெஸ்ட் இருக்கு, அயோவா டெஸ்ட்னு பேரு, 1994ல வந்தது. நாலு கட்டு சீட்டு. கைல 2000 கடன் குடுத்துடுவாங்க. ஒவ்வொரு சீட்டா 100 தடவ எடுக்கணும், எந்தக் கட்டுல இருந்து வேணா. ஏ, பி கட்டுல ஒவ்வொரு சீட்டுக்கும் 100 வரும். சி, டில 50 தான். ஆனா ஏ, பில பத்து சீட்டுக்கு 1250 தண்டம் அடிக்கும், சி, டில 250 தான். கணக்கு போட்டா ஏ, பி பத்து சீட்டுக்கு 250 நஷ்டம், சி, டி 250 லாபம். ஆடுறவனுக்கு இது எதுவும் சொல்லமாட்டாங்க, அவனா மோந்து பாத்து கண்டுபுடிக்கணும்.

பழைய டெய்லி காலண்டர் தாள வெட்டி சீட்டு பண்ணேன், பசங்களோட பிசினஸ் கேம் டம்மி நோட்டு எடுத்துகிட்டேன். அம்மாவும் மாமாவும் ஆளுக்கு நூறு சீட்டு. அம்மா முப்பதாவது சீட்டுலயே சி கட்டுக்கு போய் உக்காந்துட்டாங்க. ஏம்மான்னு கேட்டா "அந்தப் பக்கத்து கட்டு பசப்புது கண்ணு"ன்னாங்க, அவ்வளவுதான், காரணம் சொல்லத் தெரியல. ஆச்சரியம் என்னன்னா அந்த ஆராய்ச்சிலயும் இதான், வாய் காரணம் சொல்றதுக்கு முன்னாடியே கை கெட்ட கட்டுக்கு போறப்ப வேர்க்க ஆரம்பிச்சுடுதாம்.

மாமா? போன்ல காசு வெச்சு ரம்மி ஆடுற மனுசன். பி கட்ட விடவே இல்ல. "ஒம்பது தடவ நூறு நூறா குடுக்குது, ஒரே ஒரு தடவ தானடா அடிக்குது, குடுக்கற கைய விட்டுட்டு போறதா?" அப்படின்னார். தொண்ணூறாவது சீட்டுல கடன் மேல கடன். அம்மா பாத்துட்டு "உங்கண்ணனா இருந்தா இந்நேரம் சீட்டயே வித்திருப்பான்"னு தாத்தா காலத்து சண்டைய இழுத்தாங்க, ஆட்டம் கலைஞ்சுது.

நான் ஆடல. விடை தெரிஞ்சவன் ஆடி என்ன. ஆனா 2021ல ஆடியிருந்தா மாமா பக்கத்துல தான் உக்காந்திருப்பேன்.

9 ஜூன் 2024

மாமாகிட்ட மன்னிப்பு கேக்கணும். பி கட்டு மேல ஆச வர்றது சூதாடிக்கு மட்டும் இல்லையாம். 2007ல தைவான்ல பாத்திருக்காங்க, ஒரு கொறையும் இல்லாதவங்களே பி கட்ட நெறைய எடுக்கறாங்க, அடி எப்பவாவது தான் விழுதுங்கறதால. கேம் அடிக்ட் ஆளுங்கள வெச்சு இந்த சீட்டு டெஸ்ட் பண்ண எடத்துலயும் ஒரே மாதிரி முடிவு வரல, ஒண்ணுல மோசம், ஒண்ணுல சராசரி. அதனால நேத்து நான் மாமாவ வெச்சு பண்ண கோர்ட்டு செல்லாது. அம்மா ஜெயிச்சது மட்டும் செல்லும்.

9 ஜூன் 2024, கொஞ்ச நேரம் கழிச்சு

தாயக்கட்ட மாதிரி இன்னொரு டெஸ்ட் இருக்கு, அது எனக்கு இன்னும் சுருக்குனு பட்டுது. கைல 1000. பதினெட்டு தடவ உருட்டணும். ஒரே ஒரு நம்பர சொல்லி கட்டுனா வந்தா 1000, வரலன்னா 1000 போச்சு. ரெண்டு நம்பர் சேத்து சொன்னா 500. மூணுன்னா 200. நாலு நம்பர்ல ஒண்ணு வந்தா போதும்னா 100. இங்க எதுவுமே மறைக்கல, ஆறுல ஒண்ணுன்னு ஆறாங்கிளாஸ் பையனுக்கும் தெரியும். 2011ல ஜெர்மனில வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கற ஆன்லைன் கேம அளவுக்கு மீறி ஆடுற 19 பேரையும் ஆடாத 19 பேரையும் உருட்டவெச்சாங்க. ஆடுறவங்க தான் நெறைய ஒரே ஒரு நம்பர்ல கட்டுற பக்கம் போனாங்க. சின்ன கூட்டம் தான், 19 பேர வெச்சு ஊருக்கே சொல்ல முடியாது. ஆனா விஷயம் பாருங்க, விவரம் தெரியாம இல்ல. தெரிஞ்சே.

எங்க கேம்லயும் காசு கட்டி அதிர்ஷ்டப் பொட்டி தொறக்கறப்ப எது வர எத்தன சதவீதம்னு போட்டிருப்பான். சீனாவுல 2017ல இருந்து போட்டே ஆகணும்னு விதி. ஜென்ஷின் இம்பேக்ட்னு ஒரு கேம்ல அஞ்சு ஸ்டார் ஆளு, அதான் ரொம்ப அரிதான கேரக்டர், வர்ற வாய்ப்பு ஒரு இழுப்புக்கு 0.6 சதவீதம்னு வெளிப்படையாவே இருக்கு, 90 இழுத்தா கட்டாயம் ஒண்ணு. எவன் படிக்காம இழுத்தான்? நானே அந்தப் பக்கத்த தொறந்து படிச்சு, "அட கம்மிதான்"னு சொல்லிட்டு, அடுத்த செகண்ட் பொட்டிய தொறந்திருக்கேன்.

15 ஜூன் 2024

மொத நாள் எழுதுனத திருத்தணும். "கேம் என்ன அவசரக்காரனாக்கிடுச்சு"ன்னு பெருசா சொல்லிட்டேன். கோவை நண்பர் ஒருத்தர் "அதுக்கு முன்னாடி நீங்க எப்படி?"ன்னு ஒரே வரில கேட்டுட்டார், ஒரு வாரமா அது மண்டைல ஓடுது.

சிங்கப்பூர்ல 3034 பள்ளிக்கூட பசங்கள ரெண்டு வருஷம் தொடர்ந்து பாத்தாங்க, 2011ல வெளிவந்துது. ஒருதடவ அளந்துட்டு போறதில்ல, அதே பசங்க, திரும்பத் திரும்ப. நூத்துக்கு ஒம்பது பேர் பக்கம் பிரச்சன அளவுக்கு ஆடுறாங்க. மொதல்லயே அவசர குணம் ஜாஸ்தியா இருந்தவங்க தான் பின்னாடி அதுல போய் மாட்டறாங்க. மன அழுத்தம், பயம், மார்க் கொறையறது இதெல்லாம் மாட்டுன பின்னாடி வர்றது. அப்ப அவசரம் முட்ட, கேம் கோழி. இல்ல, முட்டைக்குள்ள கோழியும் கொஞ்சம் இருக்கும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளிவிடும், ஆனா நான் சொன்ன மாதிரி ஒத்தவழிப் பாத இல்ல.

அம்மாகிட்ட கேட்டேன். சிரிச்சாங்க. ஆறு வயசுல பொங்கலுக்கு ஒடைக்கணும்னு அப்பிச்சி வாங்கிக் குடுத்த மண் உண்டியல மார்கழி பொறக்கறதுக்கு முன்னாடியே ஒடச்சவன் நானாம். அதுல பதினேழு ரூவா இருந்துச்சாம். பம்பரம் வாங்கி அன்னிக்கே தொலச்சனாம். அப்ப எங்க இருந்துச்சு மொபைல்.

15 ஜூன் 2024

"இதெல்லாம் டோபமின் சார், ஏழு நாள் டோபமின் டிடாக்ஸ் இருந்தா சரியாயிடும்"னு எழுதுனவருக்கு. டோபமின்ங்கறது மூளைல சுரக்கற ஒரு ரசாயனம், அது என்ன வயித்துல சேந்த மலமா, வெளக்கெண்ணெ குடிச்சு எறக்க? 1998ல லண்டன்ல எட்டு பேர டேங்க் ஓட்டுற கேம் ஆடவெச்சு ஸ்கேன் எடுத்தாங்க, ஆடுறப்ப மூளைல டோபமின் சுரக்கறது தெரிஞ்சுது, உண்மதான். அதுல கொடி கொடியா புடிச்சு அடுத்த லெவல் போனா காசும் குடுத்தாங்க, அத யாரும் சொல்றதில்ல. நல்ல பிரியாணி, காதலி மெசேஜ், எல்லாத்துக்கும் அது சுரக்கும். சுரக்கறது தப்பில்ல.

16 ஜூன் 2024

"ஏடிஹெச்டியா இருக்கும்"னு சொன்னது நியாயமான சந்தேகம். கவனம் ஒரு எடத்துல நிக்காத, பதட்டமா துறுதுறுன்னு இருக்கற கோளாறு அது. ரெண்டும் அடிக்கடி சேந்தே வருது. கொரியாவுல 2009ல ஏடிஹெச்டி இருந்த, கேம் ஆடுற 62 கொழந்தைங்களுக்கு எட்டு வாரம் அதுக்கான மருந்து குடுத்தாங்க, நெட்ல இருக்கற நேரமும் கொறஞ்சுது. டாக்டர் பாத்து குடுத்தது. மெடிக்கல்ல போய் கேக்காதீங்க.

22 ஜூன் 2024

கேம் ஆடுன காலத்துல ஆபீஸ்ல நான் சொதப்புன லேப் டிப் கதைய சொல்லியே ஆகணும், மூணு பேர் கேட்டுட்டீங்க.

தெரியாதவங்களுக்கு: துணிக்கு சாயம் போடறதுக்கு முன்னாடி சின்ன துண்டுல நாலஞ்சு ஷேட் போட்டு பையருக்கு, அதான் ஆர்டர் குடுத்தவனுக்கு, அனுப்புவோம், ஏ, பி, சின்னு. அவன் ஒண்ண ஓகே பண்ணுவான், அத நாங்க டையிங்குக்கு, அதான் சாயப்பட்டறைக்கு, சொல்லணும். 2021 அக்டோபர். முந்தின ராத்திரி கேம்ல சீசன் கடைசி, ரேங்க ஏத்தணும்னு விடாம ஆட்டம், மூணே முக்காலுக்கு படுத்தேன். காலைல மெயில். பையர் நாலு பத்தி எழுதியிருக்கான். மொத வரில "பி நல்லா இருக்கு"ன்னு இருந்துச்சு. நான் டையிங்குக்கு "பி ஓகே, போடுங்க"ன்னு அடிச்சு அனுப்பிட்டேன். மூணாவது பத்தில "ஆனா சி போயிடுங்க"ன்னு இருந்துச்சு. 240 கிலோ துணி. முதலாளி கத்தல, அதான் கொடும. "ஏஞ்சாமி, முழுசா படிக்கலாமில்ல"ன்னு மட்டும் கேட்டார்.

அந்த மெயில படிச்சு முடிக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். முந்தின ராத்திரி புல்லுக்குள்ள நாலு நிமிஷம் படுத்துக் கெடந்தவன் நான். இதான் இந்த மேட்டருக்கு என் சாட்சி.

22 ஜூன் 2024, ராத்திரி

அனுப்பிட்டு அரமணி நேரமா யோசிக்கறேன். இது சாட்சியே இல்ல. ரெண்டு மணி நேரம் தூங்குனவன் எவனா இருந்தாலும் அந்த மெயில அப்படித்தான் படிச்சிருப்பான், கேம் ஆடுனவனா இருந்தா என்ன, கைக்கொழந்த அழுது முழிச்ச அப்பனா இருந்தா என்ன. அவசர குணம்னு அளக்கறதுல எவ்வளவு வெறும் தூக்கமின்மைன்னு தெரியல. அவசரத்த அளக்க முப்பது கேள்வி பட்டியல் ஒண்ணு இருக்கு, பாராட் ஸ்கேல், அது மூணா பிரிக்குது: கவனம் நிக்காம போறது, கை முந்திக்கறது, நாளைக்குன்னு திட்டம் போடாம விடறது. லேப் டிப் மேட்டர் மொத வக. தம்பி ஃபீஸ் காச எடுத்தது மூணாவது. ரெண்டும் ஒரே பேர்ல தான் போகுது, ஆனா ஒண்ணு தூங்குனா சரியாகும், இன்னொண்ணு ஆகாது.

30 ஜூன் 2024

பதினோராயிரம்னு சொன்னேன்ல. சும்மா இருக்க முடியாம பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்தேன். 38,640. நாப்பது தடவ கூட்டிப் பாத்தேன்.

1 ஜூலை 2024

சரி, ஆறிட்டேன். 214 டிரான்சாக்‌ஷன். ஒண்ணு கூட ஆயிரத்த தாண்டல, அதான் ஞாபகத்துல நிக்கல. பெரும்பாலும் 75, நடுவுல 380. கேம் கடைல சின்ன பேக் 75க்கு 60 காயின், அடுத்த பேக் 380க்கு 325 காயின்.

2021 டிசம்பர் 11, ராத்திரி 1.12க்கு 75. 1.14க்கு 75. 1.15க்கு 75. 1.19க்கு 75. 1.20க்கு 75. எட்டு நிமிஷத்துல அஞ்சு தடவ. 375 குடுத்து 300 காயின். அஞ்சு ரூவா சேத்துப் போட்டிருந்தா 325 கெடச்சிருக்கும். மெர்ச்சன்டைசருங்க நான், மீட்டருக்கு எட்டணா கொறைக்க மூணு நாள் பேசறவன்! ஏன் 380 போடல? யோசிச்சுப் பாத்தா பதில் ரொம்ப சாதாரணம். எனக்கு 375 செலவு பண்ற எண்ணமே இல்ல. 75 செலவு பண்ற எண்ணம் தான் இருந்துச்சு. அஞ்சு தடவ. ஒவ்வொரு எழுபத்தஞ்சும் கடைசி எழுபத்தஞ்சு.

மேட்ச்சும் அதான். ராத்திரி மூணு மணி வரைக்கும் ஆடலாம்னு ஒரு நாளும் நான் முடிவெடுத்ததில்ல, சத்தியமா. "இன்னும் ஒண்ணே ஒண்ணு"ன்னு ஏழு தடவ எடுத்திருக்கேன். அடுத்த மேட்ச்சுக்கு காத்திருக்கற பக்கத்துல ரெடி பட்டன் தானா வந்து நிக்கும், பசங்க மூணு பேர் அழுத்திட்டு காத்திருப்பாங்க, "மச்சான் ரெடி குடு"ம்பான். அத அழுத்தறதுக்கு பேரு முடிவா? கண் சிமிட்டறத யாராவது முடிவும்பாங்களா?

உங்க கேள்விக்கு இப்ப தான் என்கிட்ட பதில் இருக்குன்னு நெனைக்கறேன். தம்பி கேமுக்குள்ள எடுக்கறதெல்லாம் அவனுக்கே முடிவுன்னு தெரியற முடிவு. எறங்கலாமா, சுடலாமா. அங்க அவன் நிதானம். ரெண்டு மேட்ச்சுக்கு நடுவுல வர்ற பத்து செகண்டு தான் அவன் முடிவுன்னே நெனைக்காத எடம். மாட்டறது அங்க.

2 ஜூலை 2024

இதுக்கு ஆராய்ச்சில என்ன சொல்றாங்கன்னா, தள்ளி கெடைக்கறது மதிப்பு கொறஞ்சு தெரியறது. இன்னிக்கு 500 வேணுமா, ஒரு மாசம் கழிச்சு 800 வேணுமான்னு மாத்தி மாத்தி கேப்பாங்க, 1999ல இருந்தே 27 கேள்வில ஒரு பட்டியல் இருக்கு. எல்லாருக்கும் கைல இருக்கற காசு கொஞ்சம் பெருசாத்தான் தெரியும். கேம் அடிக்ட் ஆனவங்களுக்கு, நாள் தள்ளத் தள்ள மதிப்பு எறங்கற அந்த சரிவு செங்குத்தா இருக்குன்னு பல எடத்துல வந்திருக்கு, சீட்டு டெஸ்ட்ட விட இது கொஞ்சம் ஒழுங்கா ஒத்துப்போகுது. குடி, சூதுலயும் அப்படியே தான். அந்த வளைவுல ஒரு கூத்து இருக்கு, தூரத்துல இருந்து பாக்கறப்ப பெருசு பெருசாவும் சின்னது சின்னதாவும் சரியாத் தெரியும், கிட்ட வந்ததும் சின்னது திடீர்னு ஒசந்து பெருச மறைச்சிடும், தெருமுனைல இருக்கற டீக்கடை போர்டு பின்னாடி இருக்கற கோபுரத்த மறைக்கிற மாதிரி. சாயங்காலம் ஆறு மணிக்கு கேட்டா நான் "பத்தரைக்கு படுத்துருவேன்"னு மனசாரத்தான் சொல்லுவேன். பொய் இல்ல அது. ஆறு மணிக்காரன் சொன்னது.

6 ஜூலை 2024

நீங்க தம்பிகிட்ட அந்த மாதிரி கேள்வி கேட்டுப் பாத்தீங்கன்னும், எல்லாத்துக்கும் "காத்திருந்து பெருசா வாங்கிக்கறேன்"னு சொன்னான்னும், அன்னிக்கு ராத்திரியே உங்க போன்ல இருந்து டாப்-அப் பண்ணிட்டான்னும் படிச்சு ஆபீஸ்ல சத்தமா சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. நீங்க மத்தியானம் சோறு போட்டுட்டு கேட்டிருப்பீங்க. ராத்திரி ஒண்ணேகாலுக்கு, பொட்டி பாதி தொறந்து கெடக்கறப்ப கேக்கணும்.

14 ஜூலை 2024

எப்படி விட்டீங்கன்னு கேக்கறீங்க. கேட்டா சிரிப்பீங்க.

மொத தடவ, 2022 பிப்ரவரில, ராத்திரி ரெண்டு மணிக்கு தொடர்ந்து ஆறு மேட்ச் தோத்துட்டு, வெறில அக்கவுன்ட்ட பாஸ்வேர்டோட ஈரோட்டு பையன் ஒருத்தனுக்கு சும்மா தூக்கிக் குடுத்துட்டேன். ரெண்டு வருஷ ரேங்க், காசு குடுத்து வாங்குன பெயின்ட் எல்லாம். காலைல எந்திரிச்சு ரொம்ப பெருமையா இருந்துச்சு. மூணு வாரம். அப்புறம் அதே ரேங்க்ல ஒரு அக்கவுன்ட்ட 2,500 குடுத்து வாங்குனேன். விட்டதும் அவசரத்துல தான்ங்க! அந்தக் கையும் இந்தக் கையும் ஒரே கை.

அப்புறம் பண்ணதெல்லாம் வீரம் இல்லாத வேல. சம்பளம் வர்ற அக்கவுன்ட்ல யூபிஐய எடுத்துட்டேன், செலவுக்குன்னு வேற அக்கவுன்ட், வாரம் 1500, பேங்குக்கு நடந்து போய்த்தான் மாத்தணும்னு வெச்சுகிட்டேன். போன் சார்ஜர ஆபீஸ்லயே விட்டுட்டு வந்துருவேன். சாயங்காலம் ஆறு மணிக்காரன் தான் எங்கிட்ட இருக்கறதுலயே நல்லவன், அதனால எல்லா முடிவையும் அவன்கிட்டயே குடுத்தாச்சு. பத்தே முக்காலுக்கு போன் செத்துடும், பசங்க திட்டுவாங்க, அப்புறம் திட்டவும் மறந்துட்டாங்க. பவர்பேங்க் ஒண்ணு வாங்குனேன், உண்மைய சொல்லணும்ல. அம்மா அத ஒரு நாள் தூக்கி அரிசி டின்னுக்குள்ள போட்டுட்டாங்க, ரெண்டு மாசம் தேடுனேன்.

திட்டறது வேலைக்கு ஆகல, அத மட்டும் சொல்றேன். எங்கப்பா ஒரு தடவ போன கெணத்துல போட்டுருவேன்னு நின்னாரு. அன்னிக்கு ராத்திரி மூணே முக்கால் வரைக்கும் ஆடுனேன்.

4 ஆகஸ்ட் 2024

தம்பி பேச ஒத்துகிட்டது நல்ல சேதி. 14416, டெலி மானஸ், மனநல உதவிக்கு அரசாங்க நம்பர், காசில்ல, தமிழ்ல பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில 2014ல இருந்தே இதுக்குன்னு தனி கிளினிக் நடக்குது. அவ்வளவு தூரம் போகணும்னு இல்ல, பக்கத்துல மனநல டாக்டர் யாராவது இருந்தாலும் போதும். "அடிக்ட்"ங்கற வார்த்தைய வீட்டுல சொல்லாதீங்க. "ராத்திரி தூக்கம் சரியில்ல, அதுக்கு போலாம்"னு சொல்லுங்க. என்ன அப்படி தான் கூட்டிட்டு போனாங்க, பொய்யும் இல்ல.

23 பிப்ரவரி 2025

ஆறு மாசம் கழிச்சு இந்தப் பக்கம் வர்றேன். பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்துக்கு தமிழ்நாட்டுல புது விதி வந்திருக்கு பாத்தீங்களா, ராத்திரி 12 லிருந்து காலைல 5 வரைக்கும் லாகின் கூடாது. பதினெட்டு வயசு ஆகாதவங்க ஆடவே கூடாது. நம்ம பசங்க கேமுக்கு இல்ல, காசு கட்டி ஆடுறதுக்கு. மாமாவுக்கு கடும் கோவம், "எங்கூட்ல எம்போன்ல எங்காசு"ன்னு. நான் மனசுக்குள்ள என் சார்ஜர நெனச்சுகிட்டேன். ஊருக்கே சார்ஜர ஆபீஸ்ல வெச்சுட்டாங்க.

ஆனா கொரியா கதையும் தெரியும். 2011ல பதினாறு வயசுக்கு கீழ ராத்திரி 12 லிருந்து 6 வரைக்கும் ஆன்லைன் கேம் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, பசங்க அப்பா அம்மா நம்பர போட்டு உள்ள போனாங்க, 2022 பொறந்தப்ப சட்டத்தையே எடுத்துட்டாங்க. நானா வெச்ச பூட்டுக்கும் எவனோ வெச்ச பூட்டுக்கும் வித்தியாசம் இருக்கு. எவனோ வெச்சா சாவி தேடத்தான் தோணும். மாமா தேடறார்.

7 செப்டம்பர் 2025

மாமா தேட வேண்டியதில்ல. போன மாசம் பார்லிமென்ட்ல சட்டம் வந்து பணம் கட்டி ஆடுறது மொத்தமா நின்னுடுச்சு. மூணு நாள் வாசல்ல உக்காந்து தெருவ பாத்துகிட்டு இருந்தார். நாலாம் நாள் "அந்த காலண்டர் சீட்டு இருக்காடா?"ன்னு வந்தார். எடுத்துக் குடுத்தேன். விதி தெரிஞ்சவர், சொல்லியும் குடுத்துட்டேன் அப்பவே. நேரா பி கட்டுல கைய வெச்சார்.

தம்பி ரெண்டு அரியர் கிளியர் பண்ணிட்டான்னு கேட்டது சந்தோஷம். இன்னும் ஆடுறான்னு சொல்றீங்க. ஆடட்டும். நானும் ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆபீஸ் பசங்களோட ஆடறேன், ரெண்டு மேட்ச், அவங்க போன்ல. போன மாசம் என் போன்லயும் ஏத்துனேன், சொல்லிடறேன். ஒரே ஒரு 75 போட்டேன். ஒண்ணு தான்னு ஞாபகம். ஸ்டேட்மென்ட் பாத்துட்டு சொல்றேன்.

8 செப்டம்பர் 2025

ரெண்டு.